தொட்டபெட்டா ஏறிய கார் கல்லாற்றில் நின்ற கதை

1. முப்பத்தெட்டு வரிகள்

அந்தக் காரை நான் முதலில் பார்த்தபோது அதன்மேல் காலி உரச் சாக்குகளும் ஒரு கோழியும் இருந்தன. குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலையில் பெள்ளி ஐயாவின் தேயிலை ஃபாக்டரி. அதன் பின்புற ஷெட்டில் கார் நின்றது. கோழியை அவர் விரட்டினார், சாக்குகளை நான் எடுத்தேன்.

நீண்ட மூக்கு, இரண்டே கதவு, இரண்டே சீட். ஆறு சிலிண்டர் இன்ஜின், இரட்டைக் கார்பரேட்டர். எழுபதுகளில் ஜப்பானில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். எஸ்டேட் கைமாறியதும் சொந்த ஊருக்குப் போன ஒரு மேனேஜரிடமிருந்து பெள்ளி ஐயா இளவயதில் வாங்கியது. ஃபாக்டரி ஆட்கள் அதற்குத் 'தவளை' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அப்போது பச்சைத் தேயிலை விலை விழுந்து மூன்றாவது வருஷம். பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாததால் பலர் இலையைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள். தோட்டங்களில் செடிகள் ஆள் உயரத்துக்கு மரமாகிக்கொண்டிருந்தன. கேத்திப் பக்கம் உறவுள்ளவர்கள் கேரட் பயிரிடப் போனார்கள், மற்றவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு பஸ் ஏறினார்கள். பெள்ளி ஐயாவின் ஃபாக்டரியில் இலை உலர்த்தும் ட்ரையருக்குச் சூடு கொடுக்கும் ஹீட்டர் ஓட்டையாகிவிட்டது. புது ஹீட்டர் போட வழியில்லாமல் எட்டு மாதமாக ஃபாக்டரி பூட்டிக் கிடந்தது. காரை விற்றால் ஹீட்டர் வரும், ஹீட்டர் வந்தால் முப்பது பேருக்கு மறுபடி வேலை.

வாங்க ஒருவர் இருந்தார். கோயம்புத்தூரில் மில் வைத்திருப்பவர், பழைய கார்கள் சேர்ப்பவர். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. கார் லாரியில் வரக் கூடாது, தானே ஓடி மேட்டுப்பாளையம் வர வேண்டும். ஓடாவிட்டால் அவருக்கு அது வேண்டாம். அவரை விட்டால் பழைய இரும்புக்காரர்தான்.

"ஏனம்மா, இது ஓடுமா?" என்று பெள்ளி ஐயா என்னைக் கேட்டார்.

"லிஸ்ட் போட்டுட்டுச் சொல்றேங்க ஐயா."

பக்கத்தில் நின்ற ராசு அண்ணன் சிரித்தார். குன்னூரில் நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப் அவருடையது. ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்த பெண்ணை மெக்கானிக்காக எடுத்ததற்கு ஊரே அவரைக் கேலி செய்தது. அவர் என்னைக் கேலி செய்து அதைச் சரிக்கட்டிக்கொண்டார்.

"அம்மிணி மாப்பிள்ளை பாக்கப் போனாலும் லிஸ்ட் போட்டுத்தானுங்க பாக்கும்" என்றார்.

அன்று மாலைக்குள் முப்பத்தெட்டு வரிகள் எழுதினேன். வரி 1, எலிக்கூடு அகற்றுதல். வரி 38, டிரையல்.

2. டேங்க்குக்கு டீ

தேயிலை விலை விழுந்தால் ஜீப்புகளும் ஒர்க்‌ஷாப்புக்கு வருவதில்லை. எங்களுக்கு நேரம் நிறைய இருந்தது. கார் உள்ள இடத்துக்கே சாமான்களைக் கொண்டுபோய் வேலை செய்தோம்.

மூன்றாவது ஆள் ஆறுமுகம் அண்ணன். ஃபாக்டரி ஃபிட்டர். இலங்கைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் குடும்பத்தோடு வந்தவர். ஃபாக்டரி மூடியபின்னும் தினமும் வந்து மெஷின்களுக்கு கிரீஸ் வைத்துவிட்டுப் போவார். நான்கு சக்கரத்திலும் பிரேக் சிலிண்டர் துருப்பிடித்து இறுகியிருந்தது. அவர் ஃபாக்டரி லேத்தில் பித்தளைக் குழாயைக் கடைந்து, சிலிண்டருக்குள் உறையாக இறக்கிக் கொடுத்தார். நான் அளந்து பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

வரி 9, பெட்ரோல் டேங்க். உள்ளே முழுக்கத் துரு. அதற்கான கெமிக்கலைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்கலாம் என்றேன்.

"அதெல்லாம் வேணாம் தங்கச்சி. குடோன்ல இருக்கிற தூளு போதும். கடுஞ்சாயம் காய்ச்சி ஊத்தி மூணு நாள் வச்சா, துரு கறுத்து அடங்கிப் போகும். சிலோன்ல எங்கப்பா இதத்தான் செய்வாரு."

தேயிலைச் சாயத்தில் உள்ள டானின் இரும்புத் துருவைக் கறுப்புப் படலமாக மாற்றும் என்பது புத்தகப்படியும் சரி. இருந்தாலும் பெட்ரோல் டேங்க்கில் டீ ஊற்றுவது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

யாரும் வாங்காத தூள் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. இரும்பு டிரம்மில் காய்ச்சினோம். பெள்ளி ஐயா தானே வாளியில் மொண்டு ஊற்றினார். "வெலைதான் இல்ல. வேலையாவது செய்யட்டும்" என்றார். தூள் போய் அடைக்கும் என்று சொல்லிவிட்டு ராசு அண்ணன் சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று கேட்டார்.

நான்காம் நாள் டேங்க் உள்ளே கருங்கல் போல ஆகியிருந்தது. ஐந்து முறை அலசிக் காய வைத்து, புது ஃபில்டர் போட்டேன். கேள்விக்குறியை அழித்தேன்.

3. ஏற்றம்தான் பரீட்சை

காரோடு ஒரு சர்வீஸ் புத்தகம் இருந்தது. முழுக்க ஜப்பானிய எழுத்து. படங்களையும் எண்களையும் வைத்துச் சமாளித்தேன். காற்றில் பெட்ரோலைக் கலக்கும் கார்பரேட்டரின் அடியில் உள்ள நட்டைக் கீழே இறக்கினால் பெட்ரோல் அதிகம், மேலே ஏற்றினால் குறைவு. புத்தகத்தில் போட்டிருந்தது மேலிருந்து இரண்டரைச் சுற்று இறக்கம். அதன் கீழே இரண்டு வரி சின்ன எழுத்தில் ஏதோ இருந்தது. படம் இல்லை, அதனால் விட்டுவிட்டேன்.

இரண்டரையில் வைத்துக் கிளப்பினால் கரும்புகை. பெட்ரோல் அதிகம். நட்டை ஏற்றி ஏற்றி ஒன்றே முக்கால் சுற்றுக்குக் கொண்டுவந்ததும் இன்ஜின் சீராக ஓடியது. புத்தகம் பழசு என்று முடிவு செய்து, என் லிஸ்டில் இரண்டரையைப் பென்சிலால் அடித்தேன்.

வரி 38க்கு எங்கே போவது என்று நாங்கள் பேசவே இல்லை. எங்கள் ஊரில் ரிப்பேர் முடிந்த வண்டியை மேலேதான் கொண்டுபோவோம். ஜீப்பானாலும் பிக்கப் ஆனாலும் அதுதான் வழக்கம். ராசு அண்ணன் எல்லா கஸ்டமரிடமும் சொல்வது ஒன்றுதான்: "ஏறுதான்னு மட்டும் பாருங்க. எறங்கறதுக்கு பிரேக் இருந்தாப் போதும்."

ஆகவே ஊட்டிக்குப் போய், அங்கிருந்து தொட்டபெட்டாவுக்கு ஏறினோம். பெள்ளி ஐயா ஓட்ட, நான் பக்கத்து சீட்டில். உச்சியில் லேசாகப் புகைத்தது. இறங்கி நட்டைக் கால் சுற்று ஏற்றினேன், ஒன்றரை. புகை நின்றது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், நல்ல டீ நிறம், கலவை சரி என்பதற்கு அடையாளம். சுண்டல் விற்றவர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் காசு வாங்க மறந்தார்.

முப்பத்தெட்டு வரிக்கும் டிக் போட்டாயிற்று. எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்ததும் அன்றுதான்.

4. கல்லாறு

ஒப்படைக்கும் நாள். மில்காரர் பதினொரு மணிக்கு மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டு அருகே காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். பெள்ளி ஐயாவும் நானும் காரில். ராசு அண்ணனும் ஆறுமுகம் அண்ணனும் பின்னால் ஒர்க்‌ஷாப் ஜீப்பில்.

இறக்கம் முழுக்க ஆக்ஸிலேட்டரில் கால் வைக்க அவசியமே இல்லை. பித்தளை பிரேக் அழகாகப் பிடித்தது. பர்லியாறு தாண்டினோம். கடைசி வளைவும் முடிந்து, கல்லாற்றில் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே சமமான ரோடு வந்தது. பெள்ளி ஐயா ஆசையாக ஆக்ஸிலேட்டரை அழுத்தினார்.

கார் தும்மியது. கார்பரேட்டர் வழியாக 'பட்'டென்று ஒரு சத்தம், ஒரு குலுங்கல். மறுபடி அழுத்தினார். மறுபடி தும்மல். டெம்பரேச்சர் முள் மேலே போனது. ரோட்டோரம் ஒதுக்கியதும் இன்ஜின் அணைந்தது. மணி பத்தரை.

ஜீப்பிலிருந்து இறங்கும்போதே ராசு அண்ணனுக்குக் காரணம் தெரிந்திருந்தது. "நாந்தான் அன்னிக்கே சொன்னனுங்களே. டேங்க்ல டீத்தூளு. இப்ப பெட்ரோல் வர்ற ஜெட்டு அடைச்சுருச்சு."

"சாயத்த வடிகட்டித்தான் ஊத்தினோம். அடைக்க ஏலாது" என்றார் ஆறுமுகம் அண்ணன். அவர் முகம் சுண்டிவிட்டது.

பெள்ளி ஐயா காரை விட்டு இறங்கினார். மைல்கல்லின்மேல் உட்கார்ந்து கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நான் லிஸ்டை எடுத்தேன். ஃபில்டரைக் கழற்றினேன். சுத்தம், ஒரு தூள் இல்லை. அதை ஆறுமுகம் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் அதை ராசு அண்ணன் கையில் வைத்தார். பம்ப் சரி. கரண்ட் சரி. பிளக்கைக் கழற்றினேன். தொட்டபெட்டாவில் டீ நிறத்தில் இருந்தது இப்போது சுண்ணாம்பு போல வெள்ளை. அப்படியென்றால் பெட்ரோல் போதவில்லை. ஆனால் எதையும் நான் மாற்றவில்லையே என்று யோசித்துக்கொண்டே எச்சில் விழுங்கினேன்.

காது திறந்தது.

பர்லியாற்றிலிருந்தே அடைத்திருந்த காது. மலையிலிருந்து இறங்குகிற எல்லோருக்கும் அடைப்பதுதான், யாரும் அதை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. மேலே காற்று லேசு, கீழே கனம். கனமான காற்றுக்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். டிப்ளமோ இரண்டாம் வருஷப் பாடம். பத்து மார்க் கேள்வி, எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். என் காதுக்குத் தெரிந்தது என் லிஸ்டில் இல்லை. தொட்டபெட்டாவின் காற்றுக்கு ஏற்றபடி காரைத் திருகிவிட்டுக் கல்லாற்றுக்கு ஓட்டி வந்திருந்தேன்.

"ஐயா, தப்பு டீயில இல்லீங்க. என்னோடது. பத்து நிமிஷம் குடுங்க" என்றேன்.

பிளக்கையும் ஒரு ஸ்பேர் ஃபில்டரையும் மாட்டிவிட்டு, கை சுடாமல் துணியைச் சுற்றிக்கொண்டு இரண்டு நட்டுகளையும் இறக்கினேன். ஒன்றரை, ஒன்றே முக்கால், இரண்டு, இரண்டே கால். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெள்ளி ஐயா ஸ்டார்ட் செய்தார். தும்மல் குறைந்துகொண்டே வந்தது. இரண்டரையில் தும்மல் நின்றேவிட்டது. நான் பென்சிலால் அடித்த அதே எண். அந்தச் சின்ன எழுத்து இரண்டு வரியும் எதைச் சொல்லியிருக்கும் என்று இப்போது ஊகிக்க முடிந்தது.

ராசு அண்ணன் ஃபில்டரைத் துடைத்து ஆறுமுகம் அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தார். "இந்தாங்க, உங்க டீ நல்ல டீதான்" என்றார்.

மேட்டுப்பாளையத்தில் மில்காரர் காரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தபோது அவரிடம் ஒரு அட்டை கொடுத்தேன். மேட்டுப்பாளையம், கோவை: இரண்டரை. குன்னூர்: ஒன்றே முக்கால். தொட்டபெட்டா: ஒன்றரை. அவர் அதைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டார்.

5. அட்டை

ஹீட்டர் வந்தது. ஆறுமுகம் அண்ணன் பொருத்தினார். ஃபாக்டரிச் சங்கு மறுபடி ஊதிய காலையில், திருப்பூர் போனவர்களில் பாதிப்பேர் திரும்பி வந்திருந்தார்கள்.

அடுத்த கோடையில் ராசு அண்ணன் கீழிருந்து ஜீப்பில் வரும்போது பர்லியாறு வளைவில் தவளை நிற்பதைப் பார்த்தார். பானட்டுக்குள் தலையை விட்டபடி மில்காரர். அட்டை அவர் பல்லில். "பிரேக்டவுனாக்கும்னு ஓடுனனுங்க. 'தள்ளி நில்லுங்க, சுத்து எண்ணிக்கிட்டு இருக்கேன்'ங்கறாரு அம்மிணி."

அன்று பகலில் கார் புகையில்லாமல் ஃபாக்டரி வாசலில் வந்து நின்றது. பெள்ளி ஐயா பானட்டின்மேல் சற்று நேரம் கையை வைத்திருந்தார். பிறகு எல்லோருக்கும் டீ வந்தது, காலையில் ட்ரையரிலிருந்து இறங்கிய தூளில் போட்டது.

இந்த வேலைக்கு வருகிற தங்கைகள் லிஸ்ட் போடுங்கள். கேலி செய்தாலும் போடுங்கள். ஒரு எண்ணை அடிக்கும் முன், அது எந்த ஊருக்கு எழுதிய எண் என்று பாருங்கள். என் லிஸ்டுகளில் இப்போது வரி 1க்கு மேலே ஒரு வரி உண்டு. வண்டியைத் தொடுமுன் கஸ்டமரிடம் கேட்டு நிரப்புவது: 'இது எங்கே ஓடப்போகிறது?'