பட்டியலில் இல்லாத வேலை

குழந்தையைத் தூக்கித் தூக்கி என் வலது கை மரத்துப்போகிறது. பால் கொடுக்கும்போது மணிக்கட்டு எப்படி மடங்குகிறது, போனை எந்தக் கையில் பிடிக்கிறேன் என்று மூன்று நாட்களாகக் குறித்துவருகிறேன். டாக்டர் கேட்டால் ஒன்றும் விட்டுப்போகக் கூடாது. முன்பு ஒரு முறை விட்டிருக்கிறேன், வேண்டுமென்றே.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸில் அம்மாவின் கைதான் பேச்சு. காலையில் எழுந்ததும் மரத்துப்போன விரல்களை உதறிக்கொண்டே நிற்பாள். ஒரு நாள் கொதிக்கிற குழம்புச் சட்டி கைநழுவி, என் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அன்றைக்குத்தான் அம்மா பயந்தாள். எங்கள் பிளாக்கில் எந்த நோய்க்கும் கரித்தூசியைக் காரணம் சொல்வது வழக்கம். சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்த அப்பாவும் அதையே சொன்னார். பக்கத்து வீட்டுக்காரம்மா தண்ணீர் என்றார். ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எழுந்ததுலேருந்து படுக்குற வரைக்கும் இந்தக் கை என்னென்ன செய்யுதுன்னு எழுதிட்டு வாங்கம்மா" என்றார்.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பொறுப்பு எனக்கு வந்தது. மாவு பிசைவது, துணி பிழிவது, அப்பாவின் யூனிஃபார்மைப் பிரஷ் போட்டுத் தேய்ப்பது, ஜன்னல் கம்பியில் படிந்த கரியைத் துடைப்பது என்று இரண்டு பக்கம் போனது. அப்பா வாங்கிப் பார்த்தார்.

"எனக்கு எட்டு மணி நேரம் முடிஞ்சா அடுத்த ஆள் வந்துடுவான். உன்னை மாத்திவிட யாரு வர்றது?"

"அதான் நீங்க இருக்கீங்களே, பேப்பர் படிச்சிகினு" என்றாள் அம்மா.

ஒயர் கூடையை மட்டும் நான் எழுதவில்லை. மதியமானால் அம்மா கூடை போட உட்கார்ந்துவிடுவாள். முடிச்சுக்கு முடிச்சு ஒயரை விரலில் சுற்றி இறுக்குவாள். எங்கள் டீச்சருக்குப் பச்சையும் வெள்ளையுமாக ஒன்று தருவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். பாதிதான் முடிந்திருந்தது. டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டால் டீச்சர் முகத்தில் எப்படி விழிப்பது?

டாக்டர் பட்டியலைப் படித்துவிட்டு அம்மாவின் விரலைத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் காய்ப்பு ஏறியிருந்தது.

"இது எதால வந்துச்சு?"

அம்மா விரலை மடக்கிக்கொண்டாள்.

"இப்படியே விட்டா ஆபரேஷன் வரைக்கும் போகலாம்மா."

என் வாய் தானாகத் திறந்துகொண்டது. "ஒயர் கூடை, டாக்டர். தினமும் போடுவாங்க."

"மத்தியானம் கொஞ்ச நேரம்தாங்க" என்றாள் அம்மா.

"இல்ல டாக்டர். நான் ஸ்கூல் விட்டு வர்றப்பவும் போட்டுகினுதான் இருப்பாங்க."

கூடைக்கு இரண்டு மாதம் ஓய்வு என்றார் டாக்டர். இரவில் மணிக்கட்டு மடங்காமல் இருக்க ஒரு பட்டை கொடுத்தார். துணி பிழிவது அப்பாவுக்குப் போனது. மழைக்காலம் முடிவதற்குள் உதறல் குறைந்து, அம்மா தோசைக்கல்லை ஒரு கையால் தூக்க ஆரம்பித்தாள். பிறகு நாளுக்கு நான்கே வரிசையாகப் போட்டு டீச்சர் கூடையையும் முடித்தாள்.

அம்மாவைக் காப்பாற்றியது நான்தான் என்று வெகுநாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அன்று டாக்டர் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தபோது, அம்மா அந்த இரண்டு பக்கங்களையும் இரண்டு முறை படித்தாள். ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்துக்கொண்டாள். நான் விட்டதை அவள் கவனிக்கவில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அத்தனை வேலைகளில் அவளாக ஆசைப்பட்டுச் செய்தது அந்தக் கூடை ஒன்றுதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.