சத்தம் கேட்டால் எட்டாம் வாய்ப்பாடு

காலை 7.40. விருதுநகரில் சிவகாசி பேருந்து ஏறினேன். இருபத்தைந்து ரூபாய் சீட்டு. பக்கத்தில் மிளகாய் மூட்டை. பாதி வண்டி தும்மியது. நான் கோபத்தில் இருந்தேன். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. வாய்ப்பாட்டைக் கத்த வைக்காதீர்கள், பிள்ளைகளைப் பேச விடுங்கள் என்று ஐந்து நாள் தொண்டை கிழியச் சொல்லியிருந்தேன். பயிற்சிக்கு வந்தவர்களில் கெட்டிக்காரி செல்வி டீச்சர். அவரே பழையபடி கத்த வைக்கிறார் என்று புகார். பார்த்து நான் அறிக்கை எழுத வேண்டும். மோசமாக எழுதினால் அவர் மேல் நடவடிக்கை வரும்.

9.30. சிவகாசியில் வண்டி மாறி, எம். புதுப்பட்டி தாண்டி இறங்கினேன். ஊர்ப் பெயர் வேண்டாம்.

"பள்ளிக்கூடத்துக்கா சார்? சத்தத்த வச்சே போயிருங்க, அம்புட்டு தூரம் கேக்கும்" என்று நடத்துனர் சிரித்தார்.

கேட்டது. "ஏழெட்டு ஐம்பத்தாறு!"

"வாங்க சார், சாப்பிட்டீகளா?" என்றார் செல்வி டீச்சர்.

"அது கிடக்கட்டும். நான் சொன்னது என்ன, நீங்க செய்றது என்ன?"

என்னை வாசலுக்கு அழைத்து வந்தார். உள்ளே வாய்ப்பாடு நிற்கவில்லை.

"இங்கன எந்தப் பட்டாசுக் கம்பெனி வெடிச்சாலும் உடனே வாய்ப்பாடு சொல்ல வைப்போம் சார். பிள்ளைக வெளிய ஓடாம இருக்க. நீங்க சொன்னீகன்னு நிறுத்துனேன். பெரிய டீச்சர் வேண்டாம்னாக. பயிற்சியில இப்படித்தான் சொன்னாகன்னு சண்டை போட்டேன். ரெண்டு மாசத்துல வெடிச்சுது. என்னன்னு பேச விட்டேன். மாரியம்மா, 'எங்கம்மா கம்பெனி'ன்னு எந்திரிச்சு ஓடிட்டா. ரெண்டாவது ரூம் வெடிக்கையில கம்பெனி கேட்டுல நின்னா."

"அம்மா?"

"கீறல்கூட இல்ல. பிள்ளைக்குத்தான் ரெண்டு காதும் போச்சு. தினமும் சொல்லிப் பழகுனாத்தான் சார், அன்னைக்கு வாயில வரும்."

மூன்றாவது வரிசையில் அந்தப் பெண் பக்கத்துப் பிள்ளையின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து நாளும் நானே பேசினேன். உங்கள் பள்ளியில் என்ன வழக்கம், ஏன் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

11.15. பேருந்து நிறுத்தத்தில் அறிக்கை எழுதினேன். 'பயிற்சி பின்பற்றப்படுகிறதா?' இல்லை. 'யார் தவறு?' என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். அதனால் மாரியம்மாவுக்குக் காது திரும்பப்போவதில்லை. மதுரையில் என் மகளின் பள்ளியில் வெடிச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடுவார்கள், யார் வீட்டுக் கல்யாணம் என்று பார்க்க.

வண்டி வந்தது. பள்ளியில் எல்லோரும் "பத்தெட்டு எண்பது" என்று முடித்தார்கள். பிறகு ஒரு குரல் மட்டும், தனியாக, "பத்தெட்டு எண்பது" என்றது.