தங்கமுடிக் கல்லின் பேரம்

பினாங்கில் ஜப்பான்காரன் குண்டு போட்ட வாரமே எங்கள் கல் கடை முதலாளி நல்ல கற்களையெல்லாம் இடுப்பில் முடிந்துகொண்டு சிங்கப்பூருக்குக் கிளம்பிவிட்டார். "டின்னுல இருக்கிறத வந்த விலைக்கு வித்துச் சாப்பிட்டுக்கோலா" என்று என்னிடம் சொன்னார். அதன் பிறகு அவரிடமிருந்து தகவலே இல்லை.

டின் என்றால் பிஸ்கட் டின். உள்ளே எல்லாம் கழித்துக் கட்டிய கற்கள். அதில் ஒரு செவ்வந்திக்கல் இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால், ஊதா நிறத்துக்குள் பொன்னிற ஊசிகள் கொத்துக் கொத்தாக நிற்கும். எங்கள் தொழிலில் அதைத் தங்கமுடி என்போம். பெயரில்தான் தங்கம், கல்லுக்குள் எது இருந்தாலும் குறைதான். சண்டை முடிந்து வெகுகாலம் கழித்து, ஈப்போவில் சுரங்கப் படிப்பு படித்த ஒருவர் அது காக்காக்சினைட் என்றார். இரும்பு கலந்த பாஸ்பேட்டாம், குவார்ட்ஸுக்குள் மாட்டிக்கொள்ளுமாம். கிரேக்க மொழியில் அந்தப் பெயருக்கு வேண்டாத விருந்தாளி என்று அர்த்தமாம். வைத்தவனுக்கு என்ன கோபமோ!

ஜப்பான்காரன் ஆண்ட பினாங்கில் கல் வாங்க யார் வருவார்கள்? சனங்கள் மரவள்ளிக் கிழங்குக்கு அலைந்தார்கள். நான் காலையில் கடைப் பலகையை எடுப்பேன், சாயங்காலம் மறுபடி வைப்பேன். எனக்கு அந்த ஊரில் சொந்தம் என்று யாரும் இல்லை. நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் இருந்ததுண்டு. தனிமை ஆளைத் தின்றது.

வந்தவர் ஒரே ஒருவர், தரகர் காதர் அண்ணே. மனைவி மக்கள் நாகப்பட்டினத்தில். கப்பலும் இல்லை, கடிதாசியும் இல்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கடைக்கு வருவார்.

"எங்கே தம்பி, அந்த முடி மொளைச்ச கல்ல எடு."

கல் வியாபாரத்தில் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேர் கைக்கும் மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு விரலைப் பிடித்துப் பேசுவோம். எத்தனை விரலோ, அந்த ஊர்ப் பணத்தில் அத்தனை நூறு வெள்ளி. நான் அவருடைய நாலு விரலைப் பிடிப்பேன். அவர் என் இரண்டு விரலைப் பிடிப்பார். ஒருவரும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

"இத யாருலா வாங்குவா?"

"நீங்கதான் வாரா வாரம் கேக்குறீங்க அண்ணே."

அவருக்கும் கல் வேண்டாம், எனக்கும் விற்க மனமில்லை. விலை படிந்துவிட்டால் அவர் எதற்கு வருவார்? வாரத்தில் அந்த ஒரு பொழுதுதான் இன்னொரு மனிதரின் கை என் கையில் இருந்தது.

அந்தக் கை வர வர மெலிந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்டால் "பசியாறியாச்சு" என்பார். துண்டுக்கு அடியில் விரல் எலும்பு வேறு கதை சொல்லும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. மறுநாள் கல்லையும் துண்டையும் எடுத்துக்கொண்டு சுங்கை பினாங்கில் அவர் அறைக்குப் போனேன். மலேரியாக் காய்ச்சல். அதற்கான கொய்னா மாத்திரை எங்கும் கிடைக்கவில்லை. பக்கத்து அறை அக்கா, "கஞ்சி கூட எறங்கல தம்பி" என்றார்.

நான் பாயில் உட்கார்ந்தேன். அவர் கண்ணால் துண்டைக் காட்டினார். விரித்துப் போட்டேன். கொதிக்கும் கை தடவித் தடவி என் விரல்களைத் தேடியது. நாலு விரலைப் பிடித்தது.

"முடிச்சுக்கலாம் தம்பி" என்றார்.

கணக்கை நேர் செய்துவிட்டுக் கிளம்பப் பார்க்கிறார். நான் அவருடைய ஐந்து விரலையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தேன்.

"அநியாயம்லா! ஒத்துக்கிட்ட பொறவு ஏத்துறியே?"

"அடுத்த வெள்ளிக்கிழமை கடைக்கு வந்து கொறைச்சுக் கேளுங்க அண்ணே."

சிரித்தார். நான் கையை விடவில்லை, அவரும் விடவில்லை. அந்த வெள்ளிக்கிழமை வருவதற்குள் அவரை அடக்கம் செய்துவிட்டோம்.

கல் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்குகிறவர் ஒத்துக்கொண்ட பிறகு விலையை ஏற்றக் கூடாது. ஏற்றுகிறவன் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை. நான் ஒரே ஒரு தடவை ஏற்றினேன். கல் இன்னமும் என்னிடம்தான் இருக்கிறது. யாராவது விலை கேட்டால், ஏற்கெனவே ஒருவரோடு பேரம் நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.