அடைத்த விசில்

இன்று காலை குக்கர் விசிலடிக்காமல் வெகுநேரம் இரைந்துகொண்டே இருந்தது. எட்டி அடுப்பை அணைத்தேன்.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது புதுவயல் அரிசி ஆலையில் அம்மா நெல் காயவைத்தாள். அங்கே பாய்லரில் தண்ணீர் குறைந்தால் தானாகக் கூவும் விசில் ஒன்று உண்டு. அடிக்கடி கூவுகிறதென்று மேலாளர் அதில் சாக்குத்துணியை அடைத்ததை நானும் அம்மாவும் பார்த்தோம்.

மறுநாள் மத்தியானம் பாய்லர்காரர் களத்துக்கு ஓடிவந்தார். "தண்ணி அடியில போயிருச்சு. எல்லாரும் ரோட்டுக்கு ஓடுங்க!" என்று கத்திவிட்டுத் திரும்பினார்.

"அண்ணே, நீங்க எங்குட்டுப் போறீக?" என்றாள் அம்மா.

"தீயை வெளிய இழுத்துட்டு வாரேன்."

நாங்கள் ரோட்டை எட்டியதும் தரை அதிர்ந்தது. ஆவி களத்தை மூடியது. அவர் வரவில்லை.

சாயங்காலம் அவர் மனைவி அம்மாவின் கையைப் பிடித்துக் கேட்டாள். "விசில் அடிச்சுச்சா அக்கா?"

மேலாளர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"அடிச்சுச்சு," என்றாள் அம்மா.