உள்ளேயிருந்து மட்டும் திறக்கும் கதவு

ஹேஸல் கிரீக் பள்ளிப் பேருந்தை இருபத்தாறு வருடம் ஓட்டிய பெண்மணி ஆர்டித் ஸ்டிடம். அதே இருபத்தாறு வருடமும் சனிக்கிழமை தவறாமல் தீயணைப்பு நிலையத்தில் பாடியவரும் அவர்தான். தீயணைப்பு வண்டியை வெளியே நகர்த்திவிட்டு, அது நின்ற இடத்தில் மடக்கு நாற்காலிகளைப் போட்டால் கச்சேரி அரங்கம் தயார். எங்காவது தீப்பிடித்துவிட்டால் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் வாசிக்கிற தீயணைப்புத் தொண்டர்கள் பாதிப் பாட்டில் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஓடிவிடுவார்கள். மீதியை ஆர்டித் ஒற்றைக் கிட்டாரோடு முடித்து வைப்பார். "அணைச்சுட்டு வந்து கைதட்டுங்கடா, நான் எங்கயும் போயிடல" என்று பின்னாலிருந்து கத்துவார்.

பாட்டுகள் பிறந்ததெல்லாம் பேருந்தில்தான். மலைவளைவில் வண்டியைத் திருப்பிக்கொண்டே புதுப் பாட்டை முணுமுணுப்பார். பின்சீட்டில் அடிதடி நின்றால் பாட்டு பாஸ். நிற்காவிட்டால் வீட்டுக்குப் போய் இரண்டாவது அடியை மாற்றி எழுதுவார். கென்டக்கி மாநிலத்திலேயே இதைவிடக் கறாரான பரீட்சை கிடையாது. ஒருமுறை ஸ்டீயரிங் பக்கத்துப் பெட்டிக்குள் யாரோ ஒரு தவளையை வைத்துவிட்டார்கள். யார் என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை. ஆர்டித் அலறவில்லை. மறுநாள் தவளைக்கு ஒரு பாட்டோடு வந்தார். அதில் கடைசி அடி, வீட்டில் சிரிக்க ஆளில்லாததால் ஊரைச் சிரிக்க வைக்கப் பார்க்கிற யாரோ ஒருவரைப் பற்றியது. பேருந்து முழுக்கச் சிரித்தது, ஒரு சீட்டைத் தவிர. அதன்பிறகு அந்தப் பெட்டிக்குள் யாரும் எதையும் வைக்கவில்லை. ஒரே ஒரு தடவை ஓர் ஆப்பிள் இருந்தது.

இத்தனை பாட்டு எழுதியவர், தன் பாட்டுகளிலேயே நல்ல பாட்டைப் பதினோரு வருடம் வாயைத் திறந்து பாடவில்லை. அந்தக் கதைதான் இது.

அந்தப் பாட்டு அவர் கணவர் டெல்பர்ட்டின் பிக்கப் வண்டியைப் பற்றியது. கல்யாணமான வருடமே அதில் மனைவி ஏறும் வலப்பக்கக் கதவின் வெளிக் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. டெல்பர்ட் மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்ப்பவர். ஊரில் எல்லார் வீட்டுக் கதவையும் சரிபண்ணுவார், தன் வண்டிக் கதவை மட்டும் தொடமாட்டார். முதலில் தான் ஏறி, சீட்டின் குறுக்கே உடம்பை நீட்டி, உள்ளேயிருந்து மனைவிக்குத் திறந்துவிடுவார். மழையிலும் அப்படித்தான். மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லாத சண்டையிலும் அப்படித்தான். "சண்டை வேற, கதவு வேற" என்பது அவர் கட்சி.

*முகம் கொடுக்காத நாளிலும் நீ*
*குறுக்கே சாய்ந்து கதவைத் திறந்தாய்.*

இதை எழுதி, சமையலறையில் பீன்ஸ் கொதிக்கும்போது டெல்பர்ட்டுக்கு ஒருமுறை பாடிக் காட்டினார். டெல்பர்ட் வெளியே போய் அரைமணி நேரம் விறகு பிளந்தார். தேவைக்கு மேலேயே விறகு இருந்தது.

அடுத்த மாதம் ஆர்டித், பாட்டுத் தொழிலுக்குப் பேர்போன நாஷ்வில் நகரத்துக்குப் போனார். அங்கே பாட்டு எழுதுகிறவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒன்று பாடும் ஓர் இடத்தில் பாடினார். பாட்டுகளை வாங்கிப் பாடகர்களுக்குக் கொடுக்கும் ரேண்டல் என்ற பதிப்பகத்தார் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு எழுந்தே வந்துவிட்டார். பெரிய பாடகி ஒருத்திக்கு இது பொருந்தும், அவள் முடிவு சொல்லும்வரை பாட்டைப் பிடித்து வைக்கிறோம், நீங்களும் யாருக்கும் கொடுக்காதீர்கள், மேடையில் பாடாதீர்கள் என்றார். நாஷ்வில்லில் அது வழக்கம். ஆர்டித் கைகொடுத்தார். கைகொடுத்தால் கொடுத்ததுதான். வெளியே மட்டுமல்ல, வீட்டிலும் அன்றோடு நிறுத்திவிட்டார். பாத்திரம் கழுவும்போது அந்த ராகம் தொண்டை வரை வந்தால், குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டு வேறு பாட்டுக்கு மாறிவிடுவார்.

இரண்டாம் வருடம் ஒருமுறை போன் செய்தார். "கொஞ்சம் பொறுமையா இருங்க, அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றார் ரேண்டல். அதற்கப்புறம் அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை. ஆர்டித் பொறுமையாக இருந்தார். பாட்டின் இடம் காலியாகக் கிடக்கிறதே என்று வேறு பாட்டுகள் எழுதி நிரப்பினார். அழகு நிலையம் வைத்திருக்கும் வெல்மாவுக்கு ஒன்று. செத்துப்போன வேட்டைநாய்க்கு ஒன்று. தபால்காரரின் மூட்டுவலிக்கு ஒன்று. இப்படியே ஊரில் பாட்டு இல்லாத ஆளே இல்லை என்றாகிவிட்டது.

பேஸ் வாசிக்கும் கோய் நேப்பியர், மில்லில் டெல்பர்ட்டுக்கு மேஸ்திரி. ஊர் வழக்கப்படி அவனுக்கும் அவர் 'மிஸ்' ஆர்டித்தான். அவன் விடமாட்டான்.

"மிஸ் ஆர்டித், அந்தப் பாட்ட பதினோரு வருஷமா அடைகாக்குறீங்க. கூமுட்டையாப் போயிருக்கும்."

"உன் பேஸ் மாதிரியா? நீ முதல்ல கம்பிய சுருதி சேர்டா."

கோய் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கள்ளத்தனம் இருந்தது. ஆர்டித் கவனிக்கவில்லை. மில்லுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும்போது உள்ளே ஆண்கள் சேர்ந்து எதையோ பாடும் சத்தம் கேட்கும், இவர் வண்டியை நிறுத்தியதும் சட்டென்று அடங்கிவிடும். ஏதோ கெட்ட பாட்டு என்று நினைத்துக்கொள்வார்.

போன இலையுதிர் காலத்தில் டெல்பர்ட்டின் இடது காது முழுசாகப் போயிற்று. முப்பது வருடம் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்ற காது. வலதும் வசந்தம் வரை தாங்கினால் அதிசயம் என்றார் மருத்துவர். வீடு திரும்பும் வழியில் டெல்பர்ட் கத்திப் பேசினார். இப்போதெல்லாம் கத்தித்தான் பேசுகிறார்.

"கண்ணு, அந்த நாஷ்வில் பொம்பள இன்னும் முடிவு பண்ணலையா?"

"இல்ல."

"என்ன?"

"இல்லைன்னேன்!"

"சீக்கிரம் பண்ணச் சொல்லு. அப்புறம் நீ பாடினா நான் உன் வாய் அசையறதத்தான் பாத்துக்கிட்டிருக்கணும்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆர்டித் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கிறிஸ்துமஸ் விடுமுறை விட்ட முதல் செவ்வாய்க்கிழமை இருவரும் நாஷ்வில் கிளம்பினார்கள். பாட்டைத் திருப்பிக் கேட்டுவிடுவது என்று முடிவு. டெல்பர்ட் வண்டியிலேயே இருந்தார், பெரிய கட்டடங்கள் அவருக்கு ஆகாது.

பதிப்பக அலுவலகத்தில் ரேண்டல் இல்லை, ஏழு வருடத்துக்கு முன்பே டெக்ஸஸ் போய்விட்டார். டெஸா என்ற இளம்பெண் இருந்தாள். பெயரைக் கேட்டு, அலமாரியில் துழாவி, மஞ்சள் அட்டை ஒன்றை எடுத்தாள். அதைப் படித்துவிட்டு ஆர்டித்தைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"மேடம், இத ஆறு வாரத்துக்குத்தான் பிடிச்சு வச்சிருந்தாங்க. அந்த வருஷம் மே மாசமே விட்டாச்சு."

"எனக்கு யாரும் சொல்லலையே."

"யாரும் சொல்லமாட்டாங்க மேடம். எழுதினவங்களே நச்சரிச்சுக் கேட்டுக்குவாங்க. ஒரே பாட்ட நாலு பேருக்குக் குடுத்துட்டு மூச்சுக் காட்டாம திரியறவங்கதான் இங்க ஜாஸ்தி."

"நான் இரண்டாவது வருஷம் போன் பண்ணேன். பொறுமையா இருங்கன்னாரு."

"அந்தாளு யார் போன் பண்ணாலும் அதையேதான் சொல்லுவாரு." டெஸா அட்டையைக் கீழே வைத்தாள். "நீங்க... நிஜமாவே பதினோரு வருஷமா எங்கயும் பாடலையா?"

"வாக்குக் குடுத்தேனே."

டெஸா எழுந்தாள். மேசையைச் சுற்றி வந்து ஆர்டித்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கு ஒரு தடவை பாடிக் காட்டுறீங்களா?"

"தப்பா நினைக்காதம்மா. முதல்ல கேக்கவேண்டிய ஆள் கீழ வண்டியில இருக்காரு."

டெல்பர்ட்டிடம் சொன்னதும் ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். ஹாரன் அடித்தது, தெருவே திரும்பிப் பார்த்தது. ஆர்டித் அங்கேயே பாடிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"இங்க வேண்டாம், வேண்டாம்!" டெல்பர்ட் பதறினார். "வண்டி இரைச்சல்ல கேக்காது. சனிக்கிழமை பாடு. தீயணைப்புக் கூடத்துல."

"எதுக்கு இப்படிப் பதறுற?"

"என்ன?" என்றார் டெல்பர்ட். அந்தக் கேள்வி அவருக்கு நன்றாகவே கேட்டிருந்தது.

சனிக்கிழமை கூடத்தில் நிற்க இடமில்லை. வெல்மா முதல் தபால்காரர் வரை எல்லாரும் வந்திருந்தார்கள். பொரித்த மீன் தட்டுகள் மடியில் ஆறிக்கொண்டிருந்தன. டெல்பர்ட்டை முன்வரிசையில், ஒலிபெருக்கிக்கு வலக்காது படும்படி உட்கார வைத்திருந்தார்கள். ஆர்டித் கிட்டாரை இரண்டு தடவை சுருதி பார்த்தார். பதினோரு வருடத்துத் தூசி பாட்டின் மேல் படிந்திருக்குமோ, வரிகள் மறந்திருக்குமோ என்று பயம். "இது புதுப் பாட்டு. பழைய புதுப் பாட்டு" என்று சொல்லி முதல் வரியை எடுத்தார்.

இரண்டாவது வரியைக் கூடமே எடுத்தது.

மில்லுக்காரர்கள் பின்வரிசையில் எழுந்து நின்று பாடினார்கள். அவர்கள் மனைவிமார் பாடினார்கள். வெல்மா மீன்தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பாடினாள். ஒரு சொல் பிசகாமல் எல்லாருக்கும் எல்லா அடியும் தெரிந்திருந்தது. ராகம் மட்டும் வேறு. மேலே போகவேண்டிய இடத்தில் கீழே போய், வளையவேண்டிய இடத்தில் மரக்கட்டை மாதிரி நேராக நடந்தது. அப்படி ஒரு தப்பான ராகத்தைப் பூமியில் ஒரே ஓர் ஆள்தான் போடமுடியும்.

ஆர்டித் கிட்டாரை நிறுத்தினார்.

"டெல்பர்ட் ஸ்டிடம்."

"நீதான வாக்குக் குடுத்த," என்றார் டெல்பர்ட் தரையைப் பார்த்தபடி. "என்கிட்ட யாரும் கை குடுக்கலையே."

"பதினோரு வருஷமா மிஸ் ஆர்டித்," என்றான் கோய். "டெல்பர்ட் கொண்டாந்த தாளப் பாத்து, தினம் சாப்பாட்டு நேரத்துல. கேட்டுக் கேட்டு ரம்பத்துக்கே பாடம் ஆயிடுச்சு. உங்க வண்டி வந்தா வாயப் பொத்திக்குவோம்."

ஆர்டித் மூக்கை உறிஞ்சினார். நாஷ்வில்லில் எந்தப் பெண் பாடியிருந்தாலும், எந்த வானொலியில் வந்திருந்தாலும், ஒரு ஊர் முழுசாக எழுந்து நின்று தப்பாகப் பாடியிருக்குமா என்று தோன்றியது. தன் ராகத்தை அங்கேயே விட்டுவிட்டார். கிட்டாரை மறுபடி தூக்கி, டெல்பர்ட்டின் ராகத்திலேயே முதல் வரியிலிருந்து தொடங்கினார். கூடம் அவரோடு சேர்ந்துகொண்டது. டெல்பர்ட் வலக்காதைக் கையால் குவித்து, கண்ணை மூடி, கடைசிவரை கேட்டார்.

முடிந்ததும், காது போனவர்கள் பேசுகிற உரத்த குரலில், ஊருக்கே கேட்கும்படி சொன்னார்:

"நல்லாத்தான் பாடுற கண்ணு. ஆனா மூணாவது வரியில ராகத்த விட்டுட்ட."

கூடம் வெடித்துச் சிரித்தது. ஆர்டித் சிரிக்கவில்லை. தன் பக்கத்து மடக்கு நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டு, குறுக்கே சாய்ந்து, அதைத் தட்டினார்.

"ஏறி வா. சொல்லிக் குடு."