சர்வர் அக்கா போடாத கையெழுத்து

எங்கள் நகராட்சியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. எல்லோருக்கும் அவர் சர்வர் அக்கா. ஓட்டல் வேலையா என்று கேட்கும் புது ஆட்களை அவர் முறைக்கும் முறைப்பிலேயே பாதி விளக்கம் கிடைத்துவிடும். மாடியில், கழிப்பறைக்குப் பக்கத்து அறையில், ஊரின் பிறப்பு, இறப்பு, வீட்டு வரைபடம், குடிநீர் இணைப்பு எல்லாம் அடங்கிய நான்கு சர்வர் கம்ப்யூட்டர்களைப் பத்தொன்பது வருடம் கட்டிக் காத்தவர். மழை வந்தால் கூரை ஒழுகும். அவற்றுக்கு மேலே குடையை விரித்துக் கட்டிவிட்டு, தான் நனைந்துகொண்டு நிற்பார்.

எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்ற வேண்டும், வெளி நிறுவனம் ஒன்றின் இயந்திரங்களில் வாடகைக்கு இடம் பிடித்துப் பத்திரமாக வைக்க வேண்டும் என்று மூன்று வருடம் நச்சரித்தவரும் அவரேதான். அதனால் அவரை முன்னேற்றத்துக்கு எதிரி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருவழியாக டெண்டர் விடச் சொல்லி உத்தரவு வந்தது. எழுதும் வேலை, கொள்முதல் பிரிவு குமாஸ்தாவான என் தலையில் விழுந்தது. எங்கள் அலுவலகத்தில் எதையும் புதிதாக எழுதும் பழக்கம் கிடையாது. தணிக்கையில் மாட்டாமல் தப்பித்த பழைய கோப்பு ஒன்றை எடுத்து, வேண்டிய வார்த்தைகளை மாற்றிவிடுவோம். கடைசியாகத் தப்பித்தது குப்பை அள்ளும் டெண்டர். 'குப்பை' என்று வந்த இடத்திலெல்லாம் 'தகவல்' என்று மாற்றினேன். லாரியைத் தூக்கினேன். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே முடித்துவிட்டேன், அவ்வளவு சமர்த்து நான்.

டெண்டர் போட்டவர்களில் ஒரு கம்பெனி மற்றவர்கள் கேட்ட தொகையில் பாதிதான் கேட்டிருந்தது. ஆணையருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கமிட்டியில் நான்கு பேர், நால்வரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். மூன்று பேர் கோப்பைத் திறக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். நான்காவது ஆள் அக்கா. அவர் கோப்பை வாங்கிக்கொண்டு போய்ப் படித்தார். மறுநாள் என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, பதினாலாவது பத்தியப் படி."

படித்தேன். எடுத்துச் செல்லப்பட்ட தகவல்கள் யாவும் ஒப்பந்ததாரருக்கே சொந்தம். அவர் அவற்றை விற்கலாம். நகராட்சி திரும்பக் கேட்கக் கூடாது. குப்பைக்கு ரொம்பச் சரியான பத்திதான்.

"ஊரையே தூக்கிக் குப்பையில போட்டுட்டியேப்பா."

"அக்கா, கம்பெனிக்காரங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லி..."

"கேட்டுட்டேன். அந்தப் பத்திய நம்பித்தான் இவ்வளவு கம்மியா போட்டோம்ங்கறான். சிரிச்சுக்கிட்டே சொல்றான்."

அன்று சாயங்காலம் ஆணையர் அறையில் கமிட்டி கூடியது, குறிப்பெடுக்க நானும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். பத்தியை நீக்கினால் டெண்டரை ரத்து செய்து மறுபடி விட வேண்டும், மூன்று மாதம் ஆகும். ஆணையரோ மேலிடத்துக்கு ஏற்கெனவே தேதி சொல்லிவிட்டார்.

"அப்படியெல்லாம் எந்தக் கம்பெனியும் செய்யாதும்மா. போடுங்க."

"செய்ய மாட்டாங்கன்னா அத எழுதிக் குடுக்கச் சொல்லுங்க சார்."

ஆணையர் குரலை இறக்கினார். "ஆத்துக்கு அந்தப் பக்கம் பம்ப் ஹவுஸ்ல ஆள் இல்ல. அங்க போயிட்டா மத்தியானம் வீட்டுக்கு வர முடியாது. உங்க வீட்டுக்காரர் நிலைமை எனக்கும் தெரியும். யோசிச்சுக்குங்க."

எல்லோருக்கும் தெரியும். அக்காவின் வீட்டுக்காரர் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அலுவலகத்திலிருந்து நான்கு நிமிட நடையில் வீடு. ஒரு மணிக்கு அக்கா ஓடிப்போய் அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, சாப்பிட வைத்துவிட்டு வருவார். ஒரு நாள் தவறினாலும் முதுகு புண்ணாகிவிடும். அதைப் போய்ச் சாட்டையாக எடுத்தாரே அந்த மனிதர்! எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனாலும் குனிந்து குறிப்பெழுதிக்கொண்டே இருந்தேன்.

அக்காவின் முகம் வெளுத்தது. பேனாவைத் திறந்தார். போடப்போகிறார் என்று நினைத்தேன். போட்டால் நான் தப்பித்தேன் என்றும் நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பேனாவை மூடினார்.

ஆணையருக்குக் கோபம் தலைக்கேறியது. "என்னம்மா, இது என்ன உங்க அப்பன் வீட்டுச் சொத்தா?"

"எங்க அப்பன் வீட்டுச் சொத்தா இருந்தா இப்பவே போட்டுக் குடுத்திருப்பேன் சார். இது ஊர்ச் சொத்து. தூக்கிக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. உங்களுக்கும் இல்ல."

"யார் எழுதினது இந்தப் பத்திய?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "மூணு பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்களே சார், படிச்சுத்தான போட்டிருப்பாங்க. அவங்களக் கேளுங்க."

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. "நான்தான் சார். குப்பை டெண்டர்லேருந்து எடுத்தேன். எழுதியே குடுக்கறேன்."

எழுதிக் கொடுத்தேன். தவறு என்று எழுத்தில் கோப்பில் ஏறிய பிறகு அதைத் தொட ஒருவருக்கும் தைரியம் இல்லை. டெண்டர் ரத்தானது, பதினான்காம் பத்தி இல்லாமல் புது டெண்டர் விட்டார்கள். எனக்கு மெமோ. அக்காவுக்குப் பம்ப் ஹவுஸ்.

இப்போது மத்தியானம் ஒரு மணிக்கு அக்கா வீட்டுக்கு நான் போகிறேன். அக்காவின் வீட்டுக்காரரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். "மெதுவாய்யா, நான் என்ன சிமென்ட் மூட்டையா?" என்று முதல் வாரம் முழுக்கத் திட்டினார். நேற்று எனக்குத் தாங்கவில்லை.

"மாமா, எல்லாம் என்னாலதான். அக்கா அன்னிக்குப் போட்டிருந்தா உங்களுக்கு இந்தக் கஷ்டம்..."

"போட்டுட்டு வந்திருந்தா அவ கையால ஒரு வாய் வாங்கியிருக்க மாட்டேன்டா" என்றார் மாமா. "பேசாம அந்தப் பக்கம் புரட்டு."