ரெசின் ஊற்றிய பேணி

கொக்கிளாயில் போன் பழுதென்றால் சுசிலாவிடம்தான் போக வேண்டும். கடலுக்குப் போகிறவர்களின் ஜிபிஎஸ் கண்ணை மூடிக்கொண்டாலும் அவளிடம்தான். வீட்டு முன்பக்கத்தில் தகரம் இறக்கி, ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டு, ‘எல்லாம் திருத்தப்படும்’ என்று தானே பெயின்றால் எழுதி வைத்திருக்கிறாள். எல்லாம் என்றால் எல்லாம்தான். ஒருமுறை ஒரு மனுசன் உடைந்த பல்செட்டைக் கொண்டுவந்து நீட்டினார். சிரித்துச் சிரித்து அதையும் ஒட்டிக் கொடுத்தாள்.

இது ஊருக்குத் தெரிந்த சுசிலா. இன்னொரு சுசிலா இருக்கிறாள். பால்மாத் தகரப் பேணிக்குள் வயரும் ஐசியும் வைத்துச் சத்தம் எழுப்புகிற சுசிலா. அவளைப் பற்றித்தான் இந்தக் கதை.

இடம்பெயர்ந்த இடத்தில் பிறந்து வளர்ந்து, மீள்குடியேற்றத்தோடு தாய் தகப்பனின் ஊருக்கு வந்து சேர்ந்தவள் அவள். வவுனியாவில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் ரேடியோ, போன் திருத்தப் படித்தாள். மாதா கோயில் பாடகர் குழுவின் பழைய கீபோர்ட் ஒருநாள் பழுதுக்கு வந்தது. பற்றரியைப் போட்டுவிட்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தவளின் ஈரக்கை தெரியாத்தனமாக எங்கேயோ பட்டதும், அது வீடே அதிரக் கூச்சல் போட்டது. வேறு யாரும் என்றால் கையை உதறிக்கொண்டு எழும்பியிருப்பார்கள். இவள் விரலை நாக்கில் நனைத்து மறுபடி தொட்டாள். அன்றைக்குப் பிடித்த விசர் இன்னும் விடவில்லை.

புருசன் மத்தேயு பைபர் போட் ஒட்டுகிறவன். நல்ல மனுசன், ஆனால் பாட்டு என்றால் அவனுக்குச் சொல் வேண்டும், தாளம் வேண்டும்.

“இதில ஒரு பாட்டு வராதோ?” என்று கேட்டான்.

“வராது.”

“பிறகென்னத்துக்கு?”

“சத்தம் வருதெல்லே! அது காணாதோ?”

காணுமா காணாதா என்று அவன் வாதாடவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள்தான் “சுசிலா பேய் பிடிக்கிறாளோ” என்று வேலிக்கு மேலால் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிடுவாள். சிரித்துவிட்டு உள்ளே வந்ததும் மனம் வெறுமையாகப் போகும். ஒரு சத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டு, ‘கேளுங்கோ’ என்று சொல்ல ஆளில்லாமல் இருப்பது லேசான தனிமை இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் போனில் ‘வன்னிச் சத்தக்காரர்’ என்ற குழு அகப்பட்டது. இவளைப்போலவே பேணிக்குள்ளும் பெட்டிக்குள்ளும் சேர்க்கிட் வைத்துச் சத்தம் எடுக்கிற ஏழெட்டுப் பேர். மாதாமாதம் பௌர்ணமிப் போயா லீவுக்கு லீவு கிளிநொச்சியில் வினோஜா வீட்டுக் கராஜில் கூடுவார்கள். வினோஜா பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கிற பிள்ளை. சுசிலா விடியவே வெளிக்கிட்டு, முல்லைத்தீவில் பஸ் மாறி, மடியில் பேணியோடு போய் இறங்குவாள். அங்கே ஒருவரும் ‘இது என்னத்துக்கு’ என்று கேட்கமாட்டார்கள். ‘இது எப்படி’ என்றுதான் கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்காக அவள் இன்னும் இரண்டு பஸ் மாறவும் தயாராக இருந்தாள்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மேசையில் வைக்கிற எந்தப் பெட்டிக்கும் மூடி திறந்திருக்க வேண்டும். மூடியின் உட்பக்கத்தில் சேர்க்கிட்டைப் படமாகக் கீறி ஒட்டியிருக்க வேண்டும். பிடித்தவர் அதைப் பார்த்துத் தானும் ஒன்று செய்து அடுத்த போயாவுக்குக் கொண்டுவருவார். இரண்டும் ஒரே சத்தம் போட்டால் “குட்டி போட்டிட்டுது!” என்று எல்லாரும் கை தட்டுவார்கள், முதல் செய்தவர் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றுவார். பூட்டி வைக்கிறவருக்கு அங்கே இடமில்லை.

இனி உப்பின் கதைக்கு வருவோம். கொக்கிளாயில் ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் களப்பு. கொண்டல் காற்று வீசத் தொடங்கினால் கதவுப் பிணைச்சலில் இருந்து காது தோடு வரைக்கும் உப்புத் தின்னும். சுசிலா செய்த பேணிகள் ஒரு காற்றுக்காலத்துக்கு மேல் தாங்கியதில்லை. அதற்கு அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், ரெசின். படகு ஒட்டுகிற அதே ரெசின். ரோச் லைற்றா, ஜிபிஎஸ் பிளக்கா, கிணற்று மோட்டர் வயரா, ஊற்றி இறுக்கிவிட்டால் உப்பு கிட்ட வராது. மத்தேயுவின் வாளியில் மிச்சம் எப்போதும் இருக்கும்.

அந்த முறை தன் பேணிக்கும் ஊற்றலாம் என்று பார்த்தால், மிச்சம் இருக்கவில்லை. படகுகள் நிறைய வந்து ரெசின் முழுவதும் அதற்கே போய்விட்டது. புதிதாகச் செய்த பேணி காற்றுத் தொடங்கியதில் இருந்து யன்னலில் திறந்தபடியே கிடந்தது. தொடக்கத்தில் அது சும்மா ஒரு முனகல்தான் முனகிக்கொண்டிருந்தது. சுசிலா ஒரு ரெசிஸ்ரரை மாற்றிப் பார்த்தாள். கொஞ்ச நாளில் அந்த முனகலுக்கு மேலே இன்னொன்று மெல்ல ஏறியது, இறங்கியது, நித்திரையில் கிடக்கிற ஆளின் மூச்சுப்போல. ஒருதடவை வந்த மாதிரி மறுதடவை வரவில்லை.

“இஞ்சேருங்கோ, ஓடி வாங்கோ!” என்று கத்தினாள்.

ரெசின் பிசுபிசுத்த கையோடு ஓடிவந்த மத்தேயு வாசலிலேயே நின்றுவிட்டான். கனநேரம் கேட்டான்.

“இது நல்லாயிருக்கடியப்பா,” என்றான்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மாற்றிய ரெசிஸ்ரர் செய்த வேலை என்று நினைத்தாள். உப்பு இதையும் தின்றுவிடுமே என்று அடுத்த கிழமையே ரெசின் வாங்குவித்து, மத்தேயுவைக்கொண்டு கலக்கி, பேணிக்குள் விளிம்பு வரைக்கும் ஊற்றிவிட்டாள். சேர்க்கிட் படத்தை மட்டும் ஒழுங்காகக் கீறி மூடியில் ஒட்டினாள். பாவி, அந்த நேரம் கிளிநொச்சி வழக்கம் அவளுக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. கரையில் இருக்கிற ஒருத்திக்கு ரெசின் ஊற்றுவதும் குடை பிடிப்பதும் ஒன்றுதானே!

கராஜில் அந்தச் சத்தம் கேட்டதும் எல்லாரும் கையில் இருந்ததை வைத்துவிட்டு மேசையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். மூன்று மாதம் கழித்துக் கிளிநொச்சி மண்டபம் ஒன்றில் முதன்முதலாக ஊராருக்கு முன்னால் வாசிக்க இருந்தார்கள். தொடக்கமே சுசிலாவின் பேணிதான் என்று முடிவாயிற்று. பஸ்சில் வீடு திரும்பும்போது அவள் தன்பாட்டில் சிரித்துக்கொண்டு வந்தாள்.

குட்டிதான் போடவில்லை. அடுத்த போயாவுக்குப் படத்தைப் பார்த்து வினோஜா ஒன்று செய்தாள், வெறும் முனகல். ஜெயபுரத்துத் தவராசா ஒன்று செய்தார், அதுவும் முனகல். தவராசா வயல்காரர், தண்ணி மோட்டர் திருத்துகிறவர், குழுவில் மூத்தவர். தோற்றதை ஏற்றுக்கொள்ளாத மனுசன், மூன்றாம் தரமும் செய்தார். மூன்றாவதும் முனகியது. அவர் சுசிலாவின் பேணியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே மஞ்சள் ரெசின், கல்லாக.

“கீறினது ஒண்டு, உள்ளுக்கு இருக்கிறது ஒண்டு,” என்றார். “இல்லாட்டி என்னத்துக்கு இப்பிடிச் சமாதி கட்டுவான்?”

“அண்ணை, நான் ஒண்டையும் ஒளிக்கேல்லை. உப்புக்குத்தான் ஊத்தினனான்.”

“எங்களுக்கும்தான் வீட்டில உப்பு இருக்கு, தங்கச்சி.”

யாரோ சிரித்தார்கள்.  தவராசாவைக் கெட்டவர் என்று நினைக்க வேண்டாம். தன்னுடைய எல்லாப் பெட்டியையும் திறந்து கொடுத்த மனுசன் அவர், அதனால்தான் அவருக்கு அவ்வளவு கோபம். ஆனால் வாய் சுட்டது சுட்டதுதான். அவள் தேத்தண்ணியும் குடிக்காமல் பஸ்சுக்கு நடந்தாள்.

இரண்டு நாள் கழித்து வினோஜாவின் குரல் பதிவு ஒன்று வந்தது. “அக்கா, நான் உங்களை நம்புறன். ஆனா எல்லாற்ற மூடியும் திறந்திருக்கேக்கை உங்கட மட்டும் இப்பிடி இருந்தா சரிவராது எண்டு சொல்லுகினம். என்ன செய்யிறதெண்டு நீங்களே யோசியுங்கோ.”

யோசிக்க என்ன இருக்கிறது? ரெசினை உடைத்தால் பேணி செத்துப்போகும். உடைக்காவிட்டால் அந்தக் கராஜுக்குள் இனிக் கால் வைக்க முடியாது. பழையபடி வேலிக்கு மேலால் சிரிக்கிறவர்களும் அவளும்தான். அன்று முழுக்க அவள் ஒரு போனைக் கழற்றிவிட்டுப் பூட்ட மறந்து அப்படியே இருந்தாள்.

“உடையாதை,” என்றான் மத்தேயு. “எனக்கும் அது காதில பழகிப்போச்சு. அவையள் நம்பாட்டிக் கிடக்கட்டும்.”

“உங்களுக்குக் கிடக்கும். எனக்கு ஆர் இருக்கினம் இதைக் கதைக்க?”

 அடுத்த போயாவன்று அவள் வெளிக்கிடும்போது பார்த்தால், மத்தேயுவும் சேர்ட்டை மாற்றிக்கொண்டு நின்றான். கையில் உளியும் சுத்தியலும். “ஊத்தினது நான். உடைக்கிறதும் நானே உடைக்கிறன். நீ உடைச்சா எல்லாத்தையும் நொருக்கிப்போடுவாய்,” என்றான்.

கராஜில் முதலில் பேணியைப் பற்றரியில் கொழுவிவிட்டாள். எல்லாரும் கடைசித் தரமாகக் கேட்டார்கள். அது அன்றைக்கென்று அழகாக ஏறியது, இறங்கியது. பிறகு பற்றரியைக் கழற்றிவிட்டு, “உடையுங்கோ,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மத்தேயு தகரத்தை வெட்டி எடுத்தான். படகின் காயத்தில் பழைய பைபரை எடுப்பதுபோல ஓரத்தில் இருந்து மெல்ல மெல்லத் தட்டினான். எவ்வளவு மெல்லத் தட்டி என்ன, ரெசின் பிளந்தபோது சேர்க்கிட்டின் ஒரு பாதியும் அதோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. மற்றப் பாதி மேசையில் கிடந்தது. எல்லாரும் குனிந்தார்கள். கீறிய படத்தில் இருந்த அதே ஐசி, அதே ரெசிஸ்ரர், அதே ஒட்டுகள். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

தவராசா கண்ணாடியை நெற்றியில் இருந்து இறக்கினார். கம்பிகளுக்கு இடையில் பச்சையும் வெள்ளையுமாக ஏதோ பூத்திருந்தது. கிணற்று மோட்டருக்குள் அப்படிப் பூத்ததை அவர் கண்டிருக்கிறார். விரலால் தொட்டார். பிறகு, சின்னப் பிள்ளைமாதிரி, அந்த விரலை நாக்கில் வைத்தார்.

“உப்பு,” என்றார்.

சுசிலாவின் பக்கம் திரும்பினார்.

“ரெசின் ஊத்த முந்தி இது எங்க கிடந்தது, தங்கச்சி?”

“யன்னலில... காத்துக்கு...” சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. ரெசிஸ்ரரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கம்பிக்குக் கம்பி உப்புப் படிந்து, அந்த ஈரத்தில் மின்சாரம் தன்பாட்டுக்கு ஊர்ந்து திரிந்திருக்கிறது. மேலே ஏறி இறங்கிய மூச்சு அதுதான். தின்னவந்த உப்பைத் தான்தான் உள்ளே வைத்து அடைத்திருக்கிறாள்.

“அப்ப படம் சரிதான்,” என்றாள் வினோஜா. “உப்பை எப்பிடியக்கா கீறுறது?”

எல்லாரும் சிரித்தார்கள். சுசிலாவும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள், அழுகை வந்துவிட்டது. விம்மி விம்மி அழுதாள். மத்தேயு உளியை வைத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

“தங்கச்சி,” என்றார் தவராசா, “நான் வாய்க்கு வந்தபடி கதைச்சுப்போட்டன். குறை நினையாதையுங்கோ.” அவரே எழும்பிப் போய் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினார், முதல் கோப்பையை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக் குடித்தாள். ஆனால் பேணி போனது போனதுதானே. மண்டப நிகழ்ச்சியைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள் வாசலில் சைக்கிள் மணி கேட்டு எட்டிப் பார்த்தாள். பஸ்சில் வந்து, சந்தியில் யாரிடமோ சைக்கிள் இரவல் வாங்கிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்துத் தவராசா நின்றார். கரியரில் அவருடைய மூன்று முனகல் பேணிகளும். மூன்றுக்கும் மூடியே இல்லை.

“எங்க கொழுவுறது?” என்று கேட்டார்.

கருவாடு காய்கிற கயிற்றில் ஓரமாகக் கொழுவினார்கள். வேலிக்கு மேலால் பார்த்த வடிவம்மா, “இதென்ன புதுசா, பேணிக் கருவாடோ?” என்று கேட்டாள்.

“ஓம் மாமி, காயட்டும். பிறகு கேட்டுப் பாருங்கோ,” என்றாள் சுசிலா.

போயாவுக்குள் மற்றவர்களின் பேணிகளும் வந்து சேர்ந்தன. சிலது பஸ் கண்டக்டரிடம் வந்தது, சிலதை ஆட்களே கொண்டுவந்தார்கள். வந்தவர் ஒருவரும் சும்மா திரும்பவில்லை, இருந்து மீன் குழம்போடு சோறு சாப்பிட்டு, சத்தக் கதை கதைத்துவிட்டுத்தான் போனார்கள். மத்தேயு சோற்றுப் பானையைப் பெரிதாக்கினான். காற்று தன் வேலையைச் செய்தது. முதலில் வாய் திறந்தது தவராசாவின் மூன்றாவது பேணி. சுசிலா போனை அதற்குப் பக்கத்தில் பிடித்து அவருக்குக் கேட்கவைத்தாள். அவளுடைய பழைய சத்தம் இல்லை, அதைவிடக் கொஞ்சம் கரகரப்பு. ஆனால் மூச்சு இருந்தது, ஏறியது, இறங்கியது.

“குட்டி போட்டிட்டுது, அண்ணை!”

 அந்தப் பக்கம் தவராசா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“கெதியா வந்து கொண்டுபோங்கோ,” என்றாள். “உப்பு நிக்காது. ஒரு காத்துக்காலம் போனா முழுக்கத் திண்டிடும். சொன்னா இவர் கொஞ்சமா ரெசின்...”

“ஐயோ, வேண்டாம்!” என்று அவர் அலறினார். “ஒண்டும் ஊத்தாதையுங்கோ. சாகட்டும். செத்தா, இன்னொண்டு செய்து கொண்டு திரும்பவும் வாறன். நீங்கள் கயித்தில இடம் வைச்சிருங்கோ.”

போனை வைத்துவிட்டுச் சுசிலா கயிற்றைப் பார்த்தாள். கருவாட்டை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, இன்னும் நாலைந்து பேணிக்கு இடம் காணும்படி இழுத்துக் கட்டினாள்.